சாலை போட்டது புரமோட்டர், பள்ளம் அடைப்பது யார்? திருத்தணி மனைகளின் கணக்கு

அரையாண்டு சொத்து வரியை அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அதாவது உங்கள் பணத்தில் கொஞ்சத்தை உங்களிடமே விட்டுவைப்பதற்கு அரசு வைத்திருக்கும் பெயர் ஊக்கத்தொகை. தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு வட்டி. அதற்கு அலங்காரப் பெயர் எதுவும் இல்லை.

இந்த அறிவிப்பு வரும்போதெல்லாம் திருத்தணி வட்டாரத்து வாசகர்களின் கடிதங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றன. "எங்கள் நகரில் சாலை போட்டது புரமோட்டர். போர் போட்டது நாங்கள். செப்டிக் டேங்க் லாரிக்குக் காசு கொடுப்பதும் நாங்கள். நகராட்சிக்கு எதற்கு வரி?" என்பது ஒரு கட்சி. "ஊரைத் தனியார் கையில் விட்டதுதான் கோளாறு. அரசே எல்லாவற்றையும் செய்திருக்க வேண்டும்" என்பது எதிர்க்கட்சி.

எங்கே கட்டுவது, எந்த ரசீது வாங்குவது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இரு கட்சியும் பார்க்கத் தவறும் ஒரு பத்திரம் இருக்கிறது. விஷயம் அதில்தான்.

புரமோட்டர் போட்ட சாலை யாருடைய சாலை?

புரமோட்டருடையது அல்ல, மனை வாங்கியவர்களுடையதும் அல்ல. உள்ளாட்சியுடையது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டி.டி.சி.பி., தொழில்நுட்ப அனுமதி தந்ததும், சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அதன் பிறகே நகராட்சியோ ஊராட்சியோ இறுதி அனுமதி தரும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக இடமாகவே தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டவும் வழி உண்டு. இதைத்தான் புரமோட்டர்கள் ஓ.எஸ்.ஆர். என்கிறார்கள்.

ஐந்து ஏக்கரை எடுத்துக்கொள்வோம். 2,17,800 சதுர அடி. சாலைக்கு 30 விழுக்காடு போனதாக வைத்தால் மீதி சுமார் 1,52,000. அதில் பூங்காவுக்குப் பத்தில் ஒன்று, மின்வாரியத்துக்கும் உள்ளாட்சியின் பொதுப் பயனுக்கும் தலா அரை விழுக்காடு. கடைசியில் விற்க மிஞ்சுவது ஏறக்குறைய 1,36,000 சதுர அடி. கணக்குத் தெரிந்த எந்தப் புரமோட்டரும் ஐந்து ஏக்கரின் விலையை இந்த 1,36,000 சதுர அடியில்தான் ஏற்றுவார். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை வாங்கியவர், கூடவே 720 சதுர அடி சாலைக்கும் பூங்காவுக்கும் சேர்த்து விலை கொடுத்திருக்கிறார். பத்திரத்தில் கொடுத்தவர் என்று இருப்பது புரமோட்டர் பெயர். கல்யாண வீட்டில் மாமா கொடுத்த மொய்யைச் சித்தப்பா பெயரில் எழுதிக்கொள்வது போன்ற ஏற்பாடு.

இது மோசடி அல்ல, முழுக்கச் சட்டப்படி நடப்பது. ஒரு ரூபாய் பொதுப் பணம் செலவாகாமல் ஊருக்குச் சாலையும் பூங்கா இடமும் கிடைத்துவிடுகின்றன. கெட்டிக்கார ஏற்பாடு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் பத்திரம் பதிந்த மறுநாள் தொடங்குகிறது.

மறுநாள் என்ன ஆகிறது?

சாலையோடு சேர்ந்து சாலையின் செலவும் உள்ளாட்சிக்கு வந்துவிடுகிறது. அந்தச் செலவுக்குப் பணம் வருவதில்லை.

புதிய மனைப்பிரிவு ஒன்றில் நடந்து பாருங்கள். நுழைவாயிலில் வளைவு, கொடிகள், வண்ணமடித்த எல்லைக் கற்கள். உள்ளே மழைநீர் வடிகால் ஒழுங்காகக் கட்டியிருப்பார்கள். அதன் போக்கிலேயே கடைசி மனை வரை போனால், புரமோட்டரின் நிலம் முடியும் இடத்தில் வடிகாலும் முடிந்துவிடும். அதற்கு அப்பால் பக்கத்து வயல். ஏரிக்கோ ஓடைக்கோ கால்வாய் கொண்டுபோவது அவர் பொறுப்பில் இல்லை, வரைபடத்திலும் இல்லை. முதல் கனமழையில் வயல்காரரும் மனைக்காரரும் சண்டைக்கு நிற்பார்கள். மனு நகராட்சி ஆணையருக்கோ வட்டார வளர்ச்சி அலுவலருக்கோ போகும்.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், புரமோட்டரை ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டிப்போடுகிறது. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வேலையின் தரத்தில் குறை தெரிந்தால் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் மனைகளில் பலவற்றை வாங்கியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்; முதலீடாக வாங்கிப் போட்டவர்கள். அவர்கள் வீடு கட்ட வரும்போது அந்த ஐந்து ஆண்டு கழிந்திருக்கும். அதுவரை சீமைக் கருவேலத்துக்கு நடுவே எரியும் தெருவிளக்கின் மின்கட்டணமும் உள்ளாட்சியின் தலையில்தான்.

பத்திரச் செலவாக அவ்வளவு கட்டினோமே, அது எங்கே?

நல்ல கேள்வி. வழிகாட்டி மதிப்பு 10 லட்சம் உள்ள மனையைப் பதிந்தால் முத்திரைத் தீர்வை 5 விழுக்காடு, 50,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, 20,000. இந்த இரண்டும் மாநில அரசுக்கு. சொத்து மாற்றத்தின் மீதான கூடுதல் தீர்வை என்று இன்னொரு 2 விழுக்காடு, 20,000. உள்ளாட்சிகளுக்கு உரியது இது மட்டுமே. அதையும் பதிவுத் துறை வசூலித்துப் பிறகுதான் பிரித்துத் தரும். ஆக 90,000-ல் 20,000. அந்த மனை மறுபடி கைமாறும் வரை அதோடு சரி.

மிச்சம் இருப்பது சொத்து வரியும் காலிமனை வரியும்தான். "வரி எதற்கு?" என்று கேட்ட கட்சிக்குப் பதில் இது: சாலை போட்டதற்கு அல்ல, போட்ட சாலையைக் காப்பதற்கு. "காக்கிறார்களா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் அதற்கு என்னிடம் வாதம் இல்லை.

விளம்பரத்தில் விற்கப்படுவது என்ன?

சென்னை–திருப்பதி சாலையோரப் பலகைகளில் என்ன போடுகிறார்கள் என்று கவனியுங்கள். ரயில் நிலையம் இத்தனை நிமிடம், தேசிய நெடுஞ்சாலை அருகில், முருகன் மலை கண்ணெதிரே. அரக்கோணம் வழியாக வரும் மின்ரயில் மத்திய அரசின் பணம். நெடுஞ்சாலையும் அப்படியே. மலைக்கோயில் பக்தர்களின் பணம். புரமோட்டர் சொந்தமாகச் சேர்த்தது ஜல்லியும் தாரும் வளைவும். விலையில் பெரும்பகுதி பொது முதலீட்டின் விளைவு. அந்த விலையேற்றம் போய்ச் சேர்வது நிலத்தை முன்கூட்டி வளைத்தவர் கைக்கு. தனியார் முயற்சி, அரசு முதலீடு என்று எதிரெதிராக நிறுத்தும் பட்டிமன்றத் தலைப்பு திருத்தணியில் எடுபடாததற்கு இதுவே காரணம். அரசு முதலில் பணம் போடுகிறது, தனியார் நடுவில் எடுக்கிறார்கள், கடைசியில் அரசே மறுபடி செலவழிக்கிறது.

அனுமதி இல்லாமலே போட்ட மனைகளின் கதை இன்னும் மோசம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கு வழி திறந்தது. காலக்கெடு எத்தனையோ முறை நீட்டிக்கப்பட்டது. விதியை மீறியவர் விற்றுவிட்டுப் போய்விட்டார், கட்டணத்தோடு வரிசையில் நின்றவர் வாங்கியவர்.

வேறு வழி உண்டா?

எல்லையைத் தாண்டி நகரிக்குப் போனாலே ஒரு வழி தெரியும். 2017-ல் ஆந்திரம் வகுத்த மனைப்பிரிவு விதிகள், விற்கக்கூடிய பரப்பில் 15 விழுக்காட்டை அனுமதி தரும் அமைப்பிடம் அடமானமாக வைக்கச் சொல்லின. சாலை, வடிகால், மின்கம்பம் எல்லாம் முடிந்த பிறகே அந்த மனைகளை விடுவிப்பார்கள். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியும் அந்தப் பக்கம்தான் இருந்தது. போராடி இந்தப் பக்கம் வந்தோம். நல்ல விதியொன்று அங்கே இருந்தால் அதைக் கொண்டுவரப் போராட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அடமானத்தோடு, பத்து ஆண்டுப் பராமரிப்புக்கான வைப்புத்தொகையையும் தானப் பத்திரத்துடன் வாங்கிவிட்டால் வடிகால் வயலோடு நிற்காது. மனை விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும், இப்போது அதே தொகையை ஊரார் வரியாகக் கட்டுகிறார்கள்.

எல்லாவற்றையும் தனியாரிடமே ஒப்பந்தமாக விட்டால்?

பொது–தனியார் கூட்டு என்பது லாபத்தை முதல் நாளிலும் நஷ்டத்தைப் பத்து ஆண்டு கழித்தும் பேசும் ஒப்பந்தம். திருப்பூர் குடிநீர்த் திட்டத்தைப் பாருங்கள். சுமார் 1,000 கோடி ரூபாயில் 30 ஆண்டு உரிமத்தோடு வந்தது. தண்ணீர் வாங்க வேண்டிய சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும் கணக்கு தலைகீழானது. ஆலந்தூர் பாதாளச் சாக்கடை வேறு மாதிரி. அங்கே வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையை மக்களிடம் கேட்டுத் திரட்டினார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்தினார்கள். யார் எதற்குப் பணம் தருகிறார் என்பது முதல் நாளே ஊருக்குத் தெரிந்திருந்தது.

மற்ற கேள்விகள்

*வரியை ஏன் அடிக்கடி ஏற்றுகிறார்கள்?* நகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 2022-ல் 25 முதல் 100 விழுக்காடு வரை ஏற்றியதற்கு அரசு சொன்ன காரணம், 15-ஆவது நிதிக் குழுவின் மானிய நிபந்தனை.

*அந்த மானியம் மலைக்கோயிலின் ஆடிக் கிருத்திகைத் திருவிழாக் கூட்டத்தைக் கணக்கில் எடுக்குமா?* எடுக்காது; தில்லிக்குத் தெரிந்த திருத்தணி 2011 கணக்கெடுப்பின் 44,781 பேர்தான்.

*கோயில் வருமானத்தில் ஊருக்குச் சாலை போடலாமா?* போட முடியாது, அது கோயிலின் பணம்.

*பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை விசைத்தறி முழுக்கத் தனியார் தொழில் அல்லவா?* தறி தனியாருடையது. இரு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் அரசின் இலவசம்.

*பூங்கா இடத்தில் புரமோட்டரே மனை போட்டு விற்கலாமா?* கூடாது.

*வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?* பதிவுத் துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டு, சாலையும் பூங்காவும் உள்ளாட்சி பெயருக்குப் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.