சூரியன் அச்சிடும் கிறிஸ்துமஸ் படங்கள்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடுகளில் சவுக்குக் கிளையைத் தேடி அலைவார்கள். மணல் நிரப்பிய வாளியில் அதை நட்டு, வண்ணத்தாள் கொடி, பஞ்சு, ஜிகினா நட்சத்திரம் என்று அலங்கரிப்பார்கள். எங்கள் வீட்டு மரத்தில் ஒரு வருடம் நான் தாத்தாவையும் தொங்கவிட்டேன்!

அப்போது எனக்குப் பதினொரு வயது. பழைய டார்ச் விளக்கின் வட்டக் கண்ணாடி ஒன்று கையில் கிடைத்தது. ஆல்பத்திலிருந்த தாத்தாவின் படத்தை அதே அளவுக்கு வெட்டினேன். முகம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும்படி வைத்து, முதுகில் மைதாப் பசை தடவி அட்டையை ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அந்த வாரம் விடாத மழை. ஜனவரியில் பிரித்தபோது காகிதம் மட்டும் கையோடு வந்தது. தாத்தாவின் கண்ணும் நெற்றியும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டன. அவருக்கு இருந்தது அந்த ஒரே படம்தான். அதை எடுத்த ஸ்டூடியோவோ மூடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடியைத் துடைக்காமல் எடுத்துத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

ஏன் இப்படி ஆயிற்று? பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் உருவத்தைக் காட்டுபவை மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள். அவை காகிதத்தின்மேல் நேராகப் படிந்திருப்பதில்லை. ஜெலட்டின் என்னும் மெல்லிய படலத்துக்குள் பதிந்திருக்கின்றன. ஜெலட்டின் என்பது மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் புரதம். ஈரம் பட்டால் அது நீரை உறிஞ்சி உப்பி இளகும்; காய்ந்ததும் அருகில் உள்ளதைப் பற்றிக்கொள்ளும். ஈரமான பசையும் மழைக்காலக் காற்றும் சேர்ந்து அந்தப் படலத்தைக் கண்ணாடிக்குச் சொந்தமாக்கிவிட்டன.

ஆகவே, மரத்தில் மூலப் படத்தைத் தொங்கவிடாதீர்கள்; நகலைத் தொங்கவிடுங்கள். கடையில் அச்சிட்டு வாங்கலாம்தான். ஆனால் அந்த நகலை நீங்களே, சூரியனின் உதவியால் தயாரிக்க முடியும் என்றால் சும்மா இருப்பீர்களா?

இம்முறையை 1842இல் கண்டவர் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய வானியலறிஞர். யுரேனஸ் கோளைக் கண்ட வில்லியம் ஹெர்ஷலின் மகன். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இம்முறையில் பதிவு செய்து புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களைக் கொண்டு விளக்கிய முதல் நூல் அதுவே என்பர். பிறகு கட்டட வரைபடங்களை நகல் எடுக்க இதே முறை உலகெங்கும் பயன்பட்டது. நாம் இன்றும் 'புளூ பிரிண்ட்' என்று சொல்கிறோமே, அது இந்த நீலம்தான்.

இதில் வெள்ளிக்கு வேலையில்லை; இரும்பே எல்லாவற்றையும் செய்கிறது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரு உப்புகளின் கரைசல்களைக் கலந்து காகிதத்தில் பூசுகிறோம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் படும் இடத்தில், ஃபெரிக் அயனி சிட்ரேட்டிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெற்று ஃபெரஸ் அயனியாக மாறுகிறது. ஃபெரஸ் அயனி ஃபெரிசயனைடுடன் சேர்ந்ததும் நீரில் கரையாத பிரஷ்யன் நீலம் பிறக்கிறது. ஒளி படாத இடத்திலுள்ள உப்புகள் நீரில் கரைந்து ஓடிவிடும்; அங்கே காகிதத்தின் வெண்மை எஞ்சும். (உப்புச் சோதனையில் ஃபெரஸ் அயனி ஃபெரிசயனைடுடன் தருவது 'டர்ன்புல் நீலம்' என்று படித்திருப்பீர்கள். இரண்டும் ஒரே பொருள்தான் என்று பின்னால் தெரியவந்தது. பெயர் மட்டும் பாடநூல்களில் தங்கிவிட்டது!)

ஒளி பட்ட இடம் கறுக்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது நெகட்டிவ். வீட்டில் பழைய 120 ஃபிலிம் நெகட்டிவ் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பல காமிராக்களில் அது 6 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கும். தொங்கலுக்கு அளவெடுத்தது போல! இல்லாவிட்டால் படத்தைக் கைபேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, நிறங்களைத் தலைகீழாக மாற்றி, கணினி மையத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சிடச் சொல்லுங்கள். அதற்கும் காசில்லையா? சாதாரணத் தாளில் அச்சிட்டு, அதன் முதுகில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, நன்றாகத் துடைத்துவிடுங்கள். பஜ்ஜி மடித்த காகிதம் ஒளியை விடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? காகித இழைகளுக்கு இடையே காற்று இருக்கும்வரை ஒளி சிதறுகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் இழைகளின் எண்ணுக்கு நெருக்கமானது. அது காற்றின் இடத்தைப் பிடித்ததும் சிதறல் குறைகிறது. இத்தகைய நெகட்டிவுக்கு வெயில் கூடுதலாக வேண்டும். எண்ணெய் ஒட்டாதிருக்க நடுவே மெல்லிய பாலிதீன் தாளும் வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. ஃபெரிசயனைடில் சயனைடு இரும்புடன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சாதாரணமாகக் கையாள்வதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் வலிய அமிலமோ கடும் வெப்பமோ பட்டால் நச்சு வாயு வெளியாகும். ஆகவே வேதியியல் ஆசிரியரின் முன்னிலையில், பள்ளி ஆய்வகத்தில், கையுறை அணிந்து செய்யுங்கள். அமிலப் புட்டிகளை அப்பால் வையுங்கள். சமையல் பாத்திரம் கூடவே கூடாது. மிஞ்சிய கரைசலை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

20 மில்லி நீரில் 5 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டையும், வேறு 20 மில்லியில் 2 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடையும் கரையுங்கள். சன்னல் சாத்திய அறையில் இரண்டையும் சம அளவில், தேவையான அளவு மட்டும் கலந்து, தடித்த ஓவியத் தாளில் தூரிகையால் மெல்லப் பூசி இருட்டில் உலர்த்துங்கள். தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதன்மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, கிளிப் போட்டு வெயிலுக்குக் கொண்டுபோங்கள்.

எத்தனை நிமிடம்? இதைப் புத்தகம் சொல்ல முடியாது. உங்கள் ஊர் வெயில்தான் சொல்லும். முதலில் ஒரு துண்டுத் தாளை ஐந்து பகுதிகளாக எண்ணிக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பகுதியாக அட்டையால் மூடிக்கொண்டே வாருங்கள். எந்தப் பகுதி கழுவிய பின் நல்ல நீலம் தருகிறதோ அதுவே உங்கள் நேரம். நல்ல உச்சி வெயிலில் பத்து முதல் இருபது நிமிடம் போதுமானதாக இருக்கும். மேகமூட்டமான நாளில் பொறுமை வேண்டும். நீலம் முற்றிச் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால் எடுத்து, மஞ்சள் நிறம் முழுவதும் போகும்வரை தண்ணீரில் அலசுங்கள். அந்தத் தட்டில் முகம் மெல்ல எழுந்துவரும் கணத்தை நான் எழுதிக் காட்டப் போவதில்லை!

மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் சில துளிகளை அலசும் நீரில் விட்டால் நீலம் சட்டென்று ஆழமாகும். இல்லாவிட்டாலும் ஒரு நாளில் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும்.

உலர்ந்த படத்தை வட்டமாக வெட்டி, அட்டையின் இருபுறமும் ஒட்டி, நூல் கோத்தால் தொங்கல் தயார். ஒரு பக்கம் முகம் இருந்தால் மறுபக்கம் சவுக்குக் கொத்து ஒன்றையே தாளின்மேல் வைத்து வெயில் காட்டலாம். அதற்கு நெகட்டிவ் தேவையில்லை. அந்த ஊசிகள் இலைகள் அல்ல, கணுக்கணுவான பச்சைக் குச்சிகள். உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் பொடிச் செதில்களாக இருக்கும். அச்சில் கணுக்கள் தெரிகின்றனவா என்று லென்சை வைத்துப் பாருங்கள்.

இந்த நீலத்துக்கு ஒரு பகைவன் உண்டு: காரம். சோப்பு, சலவைச் சோடா, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் ஆகியவற்றில் பட்டால் பழுப்பேறி அழிந்துவிடும். வெளிச்சமும் இதை மங்கச் செய்யும். சன்னலோரம் நாள் முழுதும் தொங்கினால் நீலத்தின் ஒரு பகுதி நிறமற்ற வடிவமாக ஒடுக்கமடைகிறது. ஆனால் கடையில் அச்சிட்ட வண்ணப் படம் வெளிறினால் வெளிறியதுதான். இதுவோ இருட்டில் வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனால் மெல்ல மெல்லத் திரும்பவும் நீலமாகும்.

ஜனவரியில் மரத்தைக் கலைத்ததும் தொங்கல்களை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, ராமபாணப் பூச்சி அண்டாத உலர்ந்த அலமாரியில் வைத்துவிடுங்கள். வைக்கும்போது நீலம் எப்படி இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து உள்ளே போடுங்கள். அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.