அப்புச்சிக்கு எத்தனை மார்க்?

பத்தாங்கிளாஸ், பிளஸ் டூவோடு மார்க் தொல்லை விட்டது என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்களா? எலும்பு டாக்டர் ரூமுக்குப் போய்ப் பாருங்கள். இடுப்பு மூட்டை மாற்றி ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அங்கே நூற்றுக்கு மார்க் போடுகிறார்கள்! 90-க்கு மேல் பிரமாதம், 80-க்கு மேல் நன்று, 70-க்கு மேல் சுமார். அதற்கும் கீழே என்றால்... ஃபெயில்தான்.

இந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தவர் பாஸ்டன் நகரத்து டாக்டர் வில்லியம் ஹாரிஸ். வருஷம் 1969. இன்றைக்கும் உலகம் பூரா 'ஹாரிஸ் ஹிப் ஸ்கோர்' என்றால் எலும்பு டாக்டர்களுக்குத் தெரியும்.

தாராபுரத்திலிருந்து என் அப்புச்சியை (வெளியூர்க்காரர்களுக்கு: அம்மாவைப் பெற்ற அப்பா) வருஷா வருஷம் கோயமுத்தூருக்குச் செக்கப் கூட்டிப் போகிற டியூட்டி என்னுடையது. லீவு கேட்டால், "உங்க தாத்தாவுக்கு மொத்தம் எத்தனை இடுப்புய்யா?" என்கிறார் மேனேஜர்.

நூறில் வலிக்கு மட்டும் 44. அங்கேதான் வில்லங்கம்.

"வலி இருக்குங்களா?" என்றார் டாக்டர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி. பரவால்லீங்க."

முழுசாக 44! கொங்குநாட்டு மரியாதைக்குக் கிடைத்த மார்க். டாக்டர் விடவில்லை. "காட்டுக்குப் போறீங்களா? எவ்வளவு தூரம் போனா உக்காரலாம்னு தோணுது?"

"கட்டுத்தறி வரைக்கும் போவேனுங்க. அங்க ஒரு கல்லு கெடக்குது. சித்தெ உக்காந்துட்டுத்தான் மேல நடக்கிறது."

44 அந்த இடத்திலேயே 30 ஆனது. எத்தனை மிஷின் வந்தால் என்ன, ஒரு கல்லைப் பற்றிய கேள்வி செய்த வேலையை எக்ஸ்ரே செய்திருக்காது.

இன்னொரு சிக்கல் நம் பாஷையில். முதுகுக்குக் கீழே எங்கே வலித்தாலும் நமக்கு 'இடுப்பு வலி'தான். ஆனால் இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சில சமயம் முழங்காலில்கூடத் தெரியும். அதனால் டாக்டர், "எங்கேன்னு கையை வெச்சுக் காட்டுங்க" என்கிறார். பலபேர் கை முதுகுக்குத்தான் போகிறது. அது முதுகெலும்பு கேஸ்!

அடுத்து ஒற்றைக்கால் தவம். ஆபரேஷன் செய்த காலில் நிற்கச் சொல்லிவிட்டு டாக்டர் பின்பக்கம் போய்ப் பார்க்கிறார். மறுபக்கத்து இடுப்பு கீழே சாய்ந்தால் தசைக்குப் பலம் பற்றவில்லை என்று அர்த்தம். டிரெண்டலன்பர்க் என்கிற ஜெர்மன் டாக்டர் 1895-ல் சொன்ன சோதனை, பைசா செலவில்லை. பிறகு படுக்க வைத்து, டெய்லர் மாதிரி டேப்பால் இடுப்பெலும்பு முனையிலிருந்து உள்கணுக்கால் வரை இரண்டு காலையும் அளக்கிறார்.

ஹாரிஸ் தாளில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பஸ், ரயிலில் ஏறத் தெரிந்தால் ஒரே ஒரு மார்க்! பல்லடம் வழியாக வருகிற கூட்டத்தில் ஒருமுறை ஏறியிருந்தால் மனிதர் பத்தாவது கொடுத்திருப்பார். நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 5 மார்க், ஷூ, சாக்ஸ் போட்டால் 4. அப்புச்சி ஜன்மத்தில் சாக்ஸ் போட்டதில்லை. சம்மணம் போடுவது, பந்தியில் தரையில் உட்காருவது, குத்துக்காலிடுவது இதெல்லாம் அந்தத் தாளில் கிடையவே கிடையாது. நம்ம டாக்டர்கள் தனியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டுவிட்டு, "அப்படி உக்காராதீங்க, மூட்டு நழுவிக்கும்" என்கிறார்கள்!

கிழவர் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் பிரதர். அந்த வராந்தாவில் முப்பது, நாற்பது வயசு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். நம் நாட்டில் சின்ன வயசுக்காரர்களுக்கு இந்த ஆபரேஷன் வருவதற்கு முக்கியக் காரணம், தொடையெலும்பின் பந்துமுனைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது. அளவுக்கு மீறிய தண்ணியும், நாள்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையும் இதற்குப் பேர்போன காரணங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அப்போதே பிடித்தால் சொந்த மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. தொடை இடுக்கு வலி வாரக்கணக்கில் விடவில்லை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

வலியே இல்லாவிட்டாலும் செக்கப் ஏன்? மூட்டு மெள்ளத் தேய்ந்து எலும்பை அரிப்பது ரொம்ப நாள் வெளியே தெரியாது. 2010 ஆகஸ்டில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் டெப்யூ கம்பெனி ஏ.எஸ்.ஆர். என்கிற மூட்டை உலகம் பூரா திரும்பப் பெற்றது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்ததுதான் விவகாரம். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அதைப் பொருத்தியிருந்தார்கள். மத்திய அரசு 2017-ல் கமிட்டி போட்டு விசாரித்தபோது, அவர்களில் ஏகப்பட்ட பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

இதைப் படித்த அன்றைக்கே அப்புச்சிக்குப் பொருத்தியது எந்தக் கம்பெனி மூட்டு, என்ன நம்பர் என்று தேடினேன். ஆபரேஷன் ரிப்போர்ட்டில் ஒட்டிக் கொடுக்கிற ஸ்டிக்கரில் அது இருக்குமாம். வீடு முழுக்கத் துழாவியும் காணோம். அப்புச்சி எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். கிணத்து மோட்டார் வாரண்டி கார்டோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருந்தார்.