தகவல் மீட்பு மாதிரிகள்

தகவல் மீட்பு மாதிரி என்பது, பெரிய ஆவணத் தொகுப்பு ஒன்றில் பயனரின் வினவலுக்குப் பொருத்தமான ஆவணங்கள் எவை, அவற்றுள் எதை முதலில் காட்டுவது, எதை அடுத்துக் காட்டுவது என்பதைக் கணக்கிட்டு முடிவு செய்யும் முறையாகும். இணையத் தேடுபொறிகள், நூலகப் பட்டியல்கள், நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகள், மருத்துவ ஆய்விதழ்த் தரவுத்தளங்கள், மின்னஞ்சல் பெட்டியில் உள்ள தேடல் வசதி ஆகிய எல்லாவற்றிலும் ஏதேனும் ஒரு தகவல் மீட்பு மாதிரி இயங்குகிறது.

தேடுபொறி ஒரு பக்கத்தை முதலிடத்தில் காட்டுவதால் மட்டும் அதில் உள்ள செய்தி உண்மை என்று ஆகிவிடாது. பயன்படுத்தப்பட்ட மாதிரியின் கணக்கில் அப்பக்கத்திற்கு அதிக மதிப்பெண் கிடைத்தது என்பதே அதன் பொருள். அதேபோல் பட்டியலில் ஓர் ஆவணம் வரவில்லை என்றால், அப்படி ஓர் ஆவணமே இல்லை என்றும் கொள்ள இயலாது. எனவே மதிப்பெண் எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதை அறிவது தேடலைப் பயன்படுத்தும் அனைவருக்கும் உதவும்.

வரலாறு

அமெரிக்கப் பொறியாளர் வானவர் புஷ் 1945இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் தம் நூல்கள், கடிதங்கள், குறிப்புகள் அனைத்தையும் சேமித்து நொடியில் தேடி எடுக்க உதவும் 'மெமெக்ஸ்' என்னும் கற்பனை இயந்திரத்தை விவரித்தார். 'தகவல் மீட்பு' என்னும் தொடரை 1950இல் கால்வின் மூயர்ஸ் பயன்படுத்தினார். ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன், ஒரு சொல் ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது என்பதைக் கொண்டு அந்த ஆவணம் எதைப் பற்றியது என்று கணிக்கலாம் என 1957இல் முன்மொழிந்தார்.

1960களில் ஜெரார்டு சால்டன் தலைமையில் ஹார்வர்டிலும் பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் 'ஸ்மார்ட்' என்னும் ஆய்வு அமைப்பு உருவாக்கப்பட்டது. இங்கிலாந்தில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ், ஸ்டீபன் ராபர்ட்சன் ஆகியோர் 1970களில் சொற்களுக்கு நிறை வழங்கும் முறைகளை வகுத்தனர். இன்றைய தேடுபொறிகளின் அடித்தளக் கருத்துகள் பலவும், உலகளாவிய வலை தோன்றுவதற்கு முன்பே இவ்வாறு உருவானவை.

தலைகீழ் அட்டவணை

வினவல் வந்த பிறகு எல்லா ஆவணங்களையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க நேரம் போதாது. எனவே தேடல் அமைப்பு முன்கூட்டியே ஓர் அட்டவணையைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. பழந்தமிழ் நூல் பதிப்புகளின் இறுதியில் காணப்படும் சொல்லடைவு போன்றது இது. சொல்லடைவில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் பக்க எண்கள் தரப்பட்டிருக்கும். தேடல் அமைப்பின் அட்டவணையில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது இடம்பெறும் ஆவணங்களின் எண்களும், ஒவ்வோர் ஆவணத்திலும் அது எத்தனை முறை வருகிறது என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். இது தலைகீழ் அட்டவணை எனப்படுகிறது. கீழே விளக்கப்படும் முதல் நான்கு மாதிரிகளும் இந்த அட்டவணையிலிருந்தே தம் தரவுகளைப் பெறுகின்றன.

பூலியன் மாதிரி

ஆங்கிலேயக் கணிதவியலர் ஜார்ஜ் பூல் வகுத்த இயற்கணிதத்தின் அடிப்படையில் அமைந்த எளிய மாதிரி இது. வினவற் சொற்கள் 'மற்றும்', 'அல்லது', 'தவிர' ஆகியவற்றால் இணைக்கப்படும். 'தென்னை மற்றும் வண்டு' என்று தேடினால் இரு சொற்களும் உள்ள ஆவணங்கள் மட்டும் கிடைக்கும். 'தென்னை அல்லது வண்டு' என்றால் இரண்டில் ஒன்றேனும் உள்ளவை அனைத்தும் கிடைக்கும்.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1964இல் தொடங்கிய மெட்லார்ஸ் போன்ற தொடக்ககால அமைப்புகள் இம்முறையைப் பயன்படுத்தின. ஏன் ஓர் ஆவணம் கிடைத்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல முடிவதால், சட்டம், மருத்துவம், காப்புரிமை ஆகிய துறைகளில் இது இன்றும் பயன்படுகிறது. ஆனால் இதில் தரவரிசை கிடையாது. நிபந்தனை நிறைவேறினால் ஆவணம் உள்ளே, இல்லையேல் வெளியே. நிபந்தனை தளர்வாக இருந்தால் ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்து குவியும். இறுக்கமாக இருந்தால் ஒன்றும் வராமல் போகும்.

சொற்களுக்கு நிறை வழங்குதல்

தரவரிசைப்படுத்த வேண்டுமானால் ஒவ்வோர் ஆவணத்திற்கும் மதிப்பெண் வேண்டும். இதற்கு இரண்டு அளவுகள் பயன்படுகின்றன. ஒரு சொல் ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது என்பது முதல் அளவு. இது சொல் நிகழ்வெண் எனப்படும். அச்சொல் தொகுப்பு முழுவதிலும் எவ்வளவு அரிதானது என்பது இரண்டாவது அளவு. எல்லா ஆவணங்களிலும் காணப்படும் சொல் ஆவணங்களை வேறுபடுத்திக் காட்ட உதவாது; சில ஆவணங்களில் மட்டும் காணப்படும் சொல் நன்கு உதவும். இக்கருத்தை கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் வெளியிட்டார்.

அரிதுத்தன்மையைக் காண, மொத்த ஆவண எண்ணிக்கையை அச்சொல் உள்ள ஆவணங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஈவின் மடக்கையை எடுக்க வேண்டும். வேளாண்மை பற்றிய 1,000 ஆவணங்கள் கொண்ட ஒரு தொகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் 'பயிர்' 1,000 ஆவணங்களிலும், 'தென்னை' 100 ஆவணங்களிலும், 'வண்டு' 10 ஆவணங்களிலும் இருப்பதாகக் கொள்வோம். பத்தை அடியாகக் கொண்ட மடக்கையின்படி இவற்றின் நிறைகள் பின்வருமாறு அமையும்:

பயிர்: 1,000 ÷ 1,000 = 1; நிறை 0
தென்னை: 1,000 ÷ 100 = 10; நிறை 1
வண்டு: 1,000 ÷ 10 = 100; நிறை 2

இப்போது 'தென்னை, பயிர், வண்டு' என்னும் மூன்று சொற்களைக் கொண்டு தேடுவோம். மூன்று ஆவணங்களில் இச்சொற்கள் வரும் எண்ணிக்கையும் மதிப்பெண்ணும்:

ஆவணம் அ: பயிர் 12, தென்னை 3, வண்டு 0. மதிப்பெண் 0 + 3 + 0 = 3
ஆவணம் ஆ: பயிர் 2, தென்னை 2, வண்டு 2. மதிப்பெண் 0 + 2 + 4 = 6
ஆவணம் இ: பயிர் 5, தென்னை 0, வண்டு 1. மதிப்பெண் 0 + 0 + 2 = 2

சொற்களை வெறுமனே எண்ணியிருந்தால், 15 முறை வினவற் சொற்கள் வரும் ஆவணம் அ முதலிடம் பெற்றிருக்கும். ஆனால் அதில் வண்டு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அரிதுத்தன்மையைச் சேர்த்ததும் ஆவணம் ஆ முதலிடத்திற்கு வந்துவிடுகிறது. தென்னையில் வண்டு தாக்கியதற்குத் தீர்வு தேடும் விவசாயிக்கு வேண்டியது இந்த ஆவணமே.

திசையன் வெளி மாதிரி

மேலே கண்ட நிறைகளை ஒரு வடிவியல் படமாகக் காண்பது திசையன் வெளி மாதிரி. சால்டனும் அவருடைய குழுவினரும் இதை விளக்கிய கட்டுரை 1975இல் வெளியானது. தொகுப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஓர் அச்சு. ஒவ்வோர் ஆவணமும் அந்த வெளியில் ஒரு திசையன். வினவலும் ஒரு திசையனே. வினவல் திசையனுக்கும் ஆவணத் திசையனுக்கும் இடையிலுள்ள கோணம் சிறிதாக இருந்தால் இரண்டும் நெருக்கமானவை என்று கொள்ளப்படும். பள்ளி முக்கோணவியலில் படித்த கோசைன் மதிப்பே இங்கு அளவுகோலாகப் பயன்படுகிறது. சுழியக் கோணத்தில் கோசைன் 1, செங்கோணத்தில் 0.

நீளத்தை விட்டுத் திசையை மட்டும் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. ஒரு கட்டுரையை அப்படியே இரண்டு முறை ஒட்டி நீளமாக்கினால் எண்ணிக்கை இரட்டிப்பாகும், திசை மாறாது. எனவே மதிப்பெண்ணும் மாறாது. சொற்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று கொள்வது இம்மாதிரியின் குறை. 'மிதிவண்டி', 'சைக்கிள்', இலங்கை வழக்கான 'துவிச்சக்கர வண்டி' ஆகியவை ஒரே பொருளைக் குறிக்கின்றன என்பதை இது அறியாது.

நிகழ்தகவு மாதிரி

இம்மாதிரி, ஓர் ஆவணம் இந்த வினவலுக்குப் பொருத்தமாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்று கேட்கிறது. அந்த நிகழ்தகவின் இறங்கு வரிசையில் ஆவணங்களை அடுக்குவதே சிறந்தது என்னும் கோட்பாட்டை ராபர்ட்சன் 1977இல் முறைப்படுத்தினார். இவ்வழியில் வளர்ந்த புகழ்பெற்ற சூத்திரம் பிஎம்25. லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் 'ஒகாப்பி' அமைப்பில் 1990களின் முற்பகுதியில் இது உருவானது.

பிஎம்25 இரண்டு திருத்தங்களைச் செய்கிறது. முதலாவது, ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதால் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே போகும். வழக்கமான அமைப்பில், சராசரி நீளமுள்ள ஆவணத்தில் ஒரு சொல் 1 முறை வந்தால் அதன் பங்கு 1 எனக் கொண்டால், 2 முறை வந்தால் சுமார் 1.38, 10 முறை வந்தால் சுமார் 1.96, எத்தனை முறை வந்தாலும் 2.2ஐத் தாண்டாது. எனவே ஒரே சொல்லை நூறு முறை எழுதி மதிப்பெண்ணை உயர்த்த முயல்வது பெரிதாகப் பலிக்காது. இரண்டாவது, சராசரியைவிட நீளமான ஆவணங்களின் மதிப்பெண் ஓரளவு குறைக்கப்படும். நீளமான ஆவணத்தில் எந்தச் சொல்லும் தற்செயலாக வர வாய்ப்பு அதிகம் என்பதே காரணம். பல தேடல் வசதிகளுக்கு அடிப்படையாக உள்ள 'லூசீன்' என்னும் கட்டற்ற மென்பொருள், 2016 முதல் பிஎம்25ஐயே இயல்பான முறையாகக் கொண்டுள்ளது.

மொழி மாதிரி

ஜே பான்டே, புரூஸ் கிராஃப்ட் ஆகியோர் 1998இல் கேள்வியைத் திருப்பிப் போட்டனர். இந்த ஆவணத்தை எழுதியவரின் சொற்பழக்கத்திலிருந்து இந்த வினவல் பிறப்பதற்கான நிகழ்தகவு என்ன என்பது அவர்களுடைய கேள்வி. வினவற் சொல் ஒன்று ஆவணத்தில் இல்லையென்றால் நிகழ்தகவு சுழியமாகிவிடும். அதைத் தவிர்க்க, தொகுப்பு முழுவதிலும் அச்சொல் வரும் விகிதத்திலிருந்து சிறு பங்கு சேர்க்கப்படுகிறது.

இணைப்புகளும் பொருண்மையும்

இணையத்தில் எவர் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம் என்பதால், சொற்களை மட்டும் நம்புவது போதவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த செர்கே பிரின், லாரி பேஜ் ஆகியோர் 1998இல் விளக்கிய 'பேஜ்ரேங்க்' முறை, ஒரு பக்கத்திற்கு வரும் இணைப்புகளை வாக்குகளாகக் கருதியது. மதிப்பு மிகுந்த பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்கு அதிக மதிப்பு உண்டு. இந்த அளவு வினவலைச் சார்ந்ததன்று. பக்கத்தின் செல்வாக்கைக் காட்டுவது. செல்வாக்கும் சரியான தகவலும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒரே பொருளை வேறு சொற்களில் எழுதியிருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்னும் தேவைக்கு, 1990இல் மறைபொருண்மை அட்டவணை முறை முன்வைக்கப்பட்டது. கூகுள் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட 'பெர்ட்' போன்ற நரம்புப் பிணைய மாதிரிகள், ஒரு சொல்லை அதன் சூழலோடு சேர்த்து எண்களாக மாற்றுகின்றன. இவற்றுக்குக் கணிப்பு வேலை அதிகம். எனவே பல அமைப்புகளில் பிஎம்25 போன்ற விரைவான முறை முதலில் சில நூறு ஆவணங்களைப் பொறுக்கி எடுக்கும். அவற்றை மட்டும் நரம்புப் பிணையம் மறுவரிசைப்படுத்தும். கேள்விக்கு நேரடியாகப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பலவும் இவ்வாறு மீட்ட ஆவணங்களைப் படித்தே பதில் தருகின்றன. முதற்கட்டத்தில் தவறிய ஆவணம் பதிலிலும் இடம்பெறாது.

மதிப்பீடு

இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு வானூர்தியியல் கல்லூரி நூலகர் சிரில் கிளெவர்டன், 1950களின் இறுதியிலும் 1960களிலும் தேடல் முறைகளைச் சோதிக்கும் வழியை வகுத்தார். ஆவணத் தொகுப்பு, வினவல்கள், எந்த வினவலுக்கு எந்த ஆவணம் பொருத்தம் என்று மனிதர்கள் அளித்த தீர்ப்பு ஆகிய மூன்றும் அதற்குத் தேவை. இரண்டு அளவுகள் முதன்மையானவை:

துல்லியம்: காட்டப்பட்டவற்றுள் பொருத்தமானவற்றின் விகிதம்.
மீட்பு வீதம்: பொருத்தமான அனைத்திலும் காட்டப்பட்டவற்றின் விகிதம்.

தொகுப்பில் 50 பொருத்தமான ஆவணங்கள் இருக்க, அமைப்பு 40 ஆவணங்களைக் காட்டி அவற்றுள் 30 பொருத்தமாக இருந்தால், துல்லியம் 75%, மீட்பு வீதம் 60%. பொதுவாக ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று குறையும். பயனர் துல்லியத்தைக் கண்ணால் காண முடியும். விடுபட்ட 20 ஆவணங்களை அவர் காண்பதே இல்லை. அமெரிக்காவில் 1992 முதல் 'ட்ரெக்' மாநாடும், இந்திய மொழிகளுக்காக 2008 முதல் 'ஃபயர்' மன்றமும் இத்தகைய சோதனைகளை நடத்துகின்றன.

தமிழ்த் தேடலில் உள்ள சிக்கல்கள்

மேற்கண்ட மாதிரிகளில் பெரும்பாலானவை சொல்லை அலகாகக் கொண்டவை. தமிழில் ஒரு சொல் எது என்பதே எளிய கேள்வியன்று.

வேற்றுமை உருபு ஏற்கும்போது சொல் வடிவம் மாறுகிறது. 'மரம்' என்பது மரத்தை, மரத்தில், மரங்கள் என்றாகும். அடிச்சொல்லாகப் பிரிக்காத அமைப்புக்கு இவை வெவ்வேறு சொற்கள். 'மர' என்ற தொடக்க எழுத்துகளை மட்டும் கொண்டு பொருத்தினால் மரபு, மரணம், மரகதம் ஆகியனவும் வந்து சேரும்.

சந்தியும் சேர்த்தெழுதுதலும் சொற்களை மறைக்கின்றன. 'தென்னைப் பயிர்' என்பதில் ஒற்று மிகுகிறது. 'தென்னங்கன்று' என்பதில் 'தென்னை' என்ற வடிவமே இல்லை.

எழுத்து வேறுபாடுகள் உண்டு. கோயில், கோவில், ராமன், இராமன் என இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன.

குறியாக்கமும் ஒரு காரணம். ஒருங்குறிக்கு முன்பு டிஸ்கி, டாப், டாம் முதலிய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த கோப்புகளை மாற்றாமல் தேட இயலாது. ஒருங்குறியிலும் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவோ இரு குறிகளாகவோ சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும், சீராக்காவிட்டால் கணினிக்கு அவை வேறு. எழுத்துணரி கொண்டு உரையாக மாற்றப்படாத நூல் வருடல்கள் கணினிக்கு வெறும் படங்களே.

இவற்றால், தமிழில் எழுதப்பட்ட பயனுள்ள கட்டுரை இருந்தும், தேடுபவர் இல்லை என்று எண்ணி ஆங்கிலப் பக்கங்களுக்குச் சென்றுவிட நேரிடலாம். சொல்லை வேறு வடிவில் இட்டுத் தேடுவது, உருபின்றி எழுவாய் வடிவில் தேடுவது, மாற்றுச் சொற்களையும் முயல்வது ஆகியவை தேடுபவருக்கு உதவும். கட்டுரை எழுதுவோர், முதன்மைச் சொல்லை இயல்பான வடிவில் தலைப்பிலும் முதல் பத்தியிலும் தருவதும், வழக்கிலுள்ள மாற்றுப் பெயர்களைக் குறிப்பிடுவதும், ஒருங்குறியில் எழுதுவதும் அக்கட்டுரை தேடலில் விடுபடாமல் இருக்க உதவும்.