பரிசு வாங்கும் நாயின் எடை சரிதானா?

உலகின் மிகப் பெரிய நாய்க் கண்காட்சிகளில் ஒன்றான கிரஃப்ட்ஸ், வழக்கமாக மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் நடைபெறுகிறது. 1891ஆம் ஆண்டு இலண்டனில் சார்ள்ஸ் கிரஃப்ட் தொடங்கிய இந்தக் கண்காட்சியை இப்போது பிரித்தானியாவின் கென்னல் கிளப் நடத்துகிறது. ஒவ்வோர் இனத்திலும் சிறந்த நாய் எதுவென்று நடுவர்கள் அங்கு தீர்மானிக்கிறார்கள். அந்த நாய்களின் படங்கள் உலகம் முழுவதும் போகின்றன. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் லாப்ரடோர், பக் போன்ற நாய்களை வளர்க்கும் வீடுகளின் கைத்தொலைபேசிகளுக்கும் அவை வந்து சேர்கின்றன.

வடக்கில் கால்நடை வைத்தியராக வேலை செய்த காலத்தில் அப்படியான படத்தைக் காட்டி என்னிடம் கேள்வி கேட்டவர்கள் பலர். "டொக்டர், எங்கட நாய் இப்பிடி வரேல்லையே, இன்னும் என்ன சாப்பாடு குடுக்க?" அந்தக் கேள்விக்கு முன்பாகக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. படத்தில் இருக்கும் அந்த நாயின் உடம்பு சரியான அளவில்தான் இருக்கிறதா?

இதை லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். 2001 முதல் 2013 வரை கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்த நாய்களின் படங்களை அவர்கள் சேகரித்தார்கள். மொத்தம் 28 இனங்கள். அவற்றில் பாதி கொழுப்பு வைக்கும் இயல்புள்ளவை என்று அறியப்பட்ட இனங்கள், மறுபாதி அப்படி அறியப்படாதவை. மதிப்பிடக்கூடிய தரத்தில் இருந்த 960 படங்களில் 26 சதவீதமான நாய்கள் அதிக எடையுடன் காணப்பட்டன. மெலிந்த நாய் ஒன்றுகூட இல்லை. இனவாரியாகப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகிறது. பக் நாய்களில் 80 சதவீதமும், பாசெட் ஹவுண்ட் நாய்களில் 68 சதவீதமும், லாப்ரடோர்களில் 63 சதவீதமும் அளவுக்கு மிஞ்சிய உடம்போடு இருந்தன.

அதாவது, சில இனங்களில் பரிசு மேடைக்கு வந்த நாய்களில் பெரும்பாலானவை சரியான அளவைத் தாண்டியவை.

சரியான எடையை எப்படி அறிவது?

தராசில் வரும் எண்ணை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. லாப்ரடோரையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தர விவரணம் கடுவன் நாய்க்கு 65 முதல் 80 இறாத்தல் வரை, ஏறத்தாழ 29 முதல் 36 கிலோ வரை என்கிறது. பிரித்தானிய விவரணத்தில் எடையே கிடையாது. கடுவனின் உயரம் 56 முதல் 57 சென்ரிமீற்றர் என்று மட்டுமே இருக்கிறது. எலும்புக்கட்டு சிறியதாக உள்ள ஒரு நாய்க்கு 34 கிலோ அதிகம். உயரமும் தசையும் உள்ள இன்னொன்றுக்கு அதுவே அளவாக இருக்கலாம்.

அதனால் கால்நடை வைத்தியர்கள் உடல் நிலைப் புள்ளி என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். 1 முதல் 9 வரை புள்ளிகள். 1 என்றால் எலும்பும் தோலுமான நாய், 9 என்றால் கடும் பருமன். நாலும் ஐந்தும் சரியான நிலை. அந்த நிலையில் உள்ள நாயின் விலா எலும்புகளை விரலால் இலேசாகத் தடவினாலே உணரலாம். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கித் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்னோக்கி மேலேறியிருக்கும். ஐந்துக்கு மேலே போகும் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10 சதவீத மேலதிக எடைக்குச் சமம்.

லிவர்பூல் ஆய்வின் வரம்பும் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் படத்தைப் பார்த்தார்கள், நாயைத் தொடவில்லை. அடர்ந்த உரோமம் உள்ள இனங்களில் இது பெரிய குறை. இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கண்காட்சி நாய்கள் எல்லாமே கொழுத்தவை அல்ல. நாலில் மூன்று சரியான அளவிலேயே இருந்தன. பிரித்தானியாவில் வீட்டு நாய்களைப் பற்றிய ஆய்வுகளில் பாதிக்கு மேற்பட்டவை அதிக எடையுள்ளவை என்று கண்ட ஆய்வுகளும் உண்டு. அந்த வகையில் பார்த்தால், மொத்தமாகக் கண்காட்சி நாய்களின் நிலை மோசமானதல்ல. ஆனால் வீட்டு நாயை யாரும் "இந்த இனத்தின் இலட்சிய உருவம்" என்று அறிவிப்பதில்லை. மேடையில் நிற்பதை அப்படித்தான் அறிவிக்கிறார்கள்.

விதி ஒன்று, கண் இன்னொன்று

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விடயம், எழுதப்பட்ட விதிகள் இதை அனுமதிக்கவில்லை என்பதுதான். பக் நாய்க்கான பிரித்தானியத் தர விவரணம் 6.3 முதல் 8.1 கிலோ வரை என்று எடையைத் தெளிவாகக் கூறுகிறது. தசை இறுக்கமாக இருக்க வேண்டும், உடற்கட்டையும் அதிக எடையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. லாப்ரடோர் விவரணமும் அப்படித்தான். அது சுறுசுறுப்பான நாய், ஆகவே மிகையான எடைக்கு இடமில்லை என்கிறது. 2008இல் பிபிசி வெளியிட்ட ஓர் ஆவணப்படம் கண்காட்சி நாய்களின் சுகநலம் பற்றிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதன் பின்னர் கென்னல் கிளப் பல இனங்களின் விவரணங்களை மறுபரிசீலனை செய்தது.

அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை? பெரும்பாலான இனங்களை நடுவர்கள் தராசில் நிறுத்துவதில்லை. கண்ணாலும் கையாலும் மதிப்பிடுகிறார்கள். விவரணத்தில் "பலமான கட்டு", "அகன்ற நெஞ்சு" என்ற சொற்கள் இருக்கின்றன. கொழுப்பு அந்த அகலத்தை இலகுவாகக் காட்டிவிடும். அகன்றதாகத் தெரியும் நாய் வெல்கிறது. வென்ற நாயைப் பார்த்து மற்றைய வளர்ப்பாளர்களும் தங்கள் நாயைச் சற்றுப் பெருக்க வைக்கிறார்கள். அடுத்த வருடம் நடுவரின் கண் அதற்குப் பழகிவிடுகிறது. வேட்டைக்குத் துணையாக ஓடும் லாப்ரடோர்கள் இன்றும் ஒடுங்கிய உடம்போடு இருக்கின்றன. கண்காட்சி வம்சத்து லாப்ரடோர் தடித்திருக்கிறது. பெயர் ஒன்று, உருவம் இரண்டு.

லாப்ரடோரின் உடம்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நாலில் ஒரு லாப்ரடோருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் சிறு துண்டு இல்லாமல் இருப்பது தெரியவந்தது. அப்படியான நாய்க்குச் சாப்பிட்ட பின்னும் உணவில் நாட்டம் குறையாது. அந்த நாய் உங்கள் முகத்தைப் பார்த்து ஏங்குவது பசியால்தான் என்று முடிவு செய்ய வேண்டாம்.

நாய் கொடுக்கும் விலை

கொழுத்த உடம்பு அழகு சம்பந்தப்பட்ட விடயம் மட்டும் என்றால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். அமெரிக்காவில் ஒரு நாயுணவு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 48 லாப்ரடோர்களை வாழ்நாள் முழுவதும் கண்காணித்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளைச் சோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றையதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். அதிகம் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 வருடங்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13 வருடங்கள். கிட்டத்தட்ட இரண்டு வருட வித்தியாசம். மூட்டு வாதமும் மெலிந்த நாய்களுக்குப் பிந்தியே வந்தது. அதிகம் சாப்பிட்டவை மிகப் பருத்த நாய்களும் அல்ல. எங்கள் வீட்டு முற்றத்தில் பார்த்தால் "நல்லா இருக்கு" என்று சொல்லக்கூடிய அளவுதான்.

பக் நாய்க்கு மூக்கு ஏற்கெனவே சப்பை, மூச்சுவழி ஒடுக்கம். அதற்கு மேல் கொழுப்பும் சேர்ந்தால் எங்கள் நாட்டு வெயிலில் மூச்சுவிடுவதே போராட்டமாகிவிடும். பாசெட் ஹவுண்டின் நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் மேலதிக பாரத்தைத் தாங்க ஏற்றவை அல்ல.

எங்கள் வீடுகளில்

நாயின் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னபோது வன்னியில் ஒரு தாய் எனக்குச் சொன்ன பதில் இது. "பசியைக் கண்ட ஆக்கள் நாங்கள் டொக்டர். வாயில்லாச் சீவனைப் பட்டினி போடேலாது. விலா தெரிஞ்சா பார்க்கிற சனம் என்ன சொல்லும்?" அவருக்கு உடனே மறுமொழி சொல்ல எனக்கு முடியவில்லை. ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு, விலா எலும்பு தெரிவது என்றால் பட்டினி என்றுதான் அர்த்தம். இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்த நாய்களை நினைத்து, இப்போது இருக்கும் நாய்க்கு இரண்டு மடங்கு போடுபவர்களையும் எனக்குத் தெரியும். அந்த அன்பில் பிழை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த அன்பு சட்டியில் கூடிக்கொண்டே போனால், நாய் எங்களோடு இருக்கும் காலம் குறைகிறது.

ஆகவே படத்தை விட்டுவிட்டுக் கையை நம்புங்கள். உங்கள் கையைக் குப்புற விரித்து, புறங்கை எலும்புகளை மற்றைய கையால் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் அளவு சரி. முட்டியாக மடித்த கையின் கணுக்களைப் போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல் எலும்பே தெரியாவிட்டால் எடை கூடிவிட்டது. மாதம் ஒரு தடவை நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். பாணும் பிஸ்கட்டும் கணக்கில் வராத சாப்பாடு என்று நினைக்க வேண்டாம். கருத்தடை செய்த நாய்க்கு முன்பைவிடக் குறைவாகவே தேவை. எடையைக் குறைப்பதாக இருந்தால் மெதுவாக, பல வாரங்களில் குறையுங்கள்.

தெருவில் எலும்பும் தோலுமாகத் திரியும் நாய்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவற்றுக்குச் சாப்பாடு வேண்டும். வீட்டு நாய் திடீரென மெலிந்தால் அதுவும் வேறு கதை. புழு, உண்ணிக் காய்ச்சல் என்று பல காரணங்கள் இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்தத் தாயின் நாய்க்கு இந்தக் கைச்சோதனையைத்தான் செய்து காட்டினேன். எலும்பைத் தேடி அவரது விரல்கள் நெடுநேரம் அழுத்த வேண்டியிருந்தது. "சரி டொக்டர், இரவுச் சோத்தில ஒரு பிடி குறைக்கிறன்" என்றார். தொடங்குவதற்கு ஒரு பிடி போதும்.