படகுக்கு எந்த பேட்டரி? கார் பேட்டரி கைவிடுவது ஏன்?

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் விடுமுறை நாளென்றால் சிறு படகோடு சுங்கை மூடா பக்கம் தூண்டில் போடக் கிளம்புவோர் உண்டு. பினாங்கிற்கும் கெடாவிற்கும் எல்லையாக ஓடும் அந்த ஆறு, கோலா மூடாவில் கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு, விளக்கும் மீன் காட்டும் கருவியும் எரிய நாலைந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். வீடு திரும்பச் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வரும். நீர் வற்றும் நேரம் என்றால் ஆற்றோட்டமே படகைக் கடலுக்குள் இழுத்துப் போய்விடும்.

பல வேளைகளில் இதற்குக் காரணம், வீட்டில் சும்மா கிடந்த கார் பேட்டரியைப் படகில் தூக்கி வைத்ததுதான்.

கார் பேட்டரியின் வேலை சில விநாடிகளில் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைச் சட்டென்று கொடுத்து இன்ஜினை எழுப்பிவிட வேண்டும், அவ்வளவே. அதற்காக உள்ளே மெல்லிய ஈயத் தகடுகள் நிறைய இருக்கும். அதை வைத்து மணிக்கணக்கில் விளக்கு எரித்து அடிவரை காலி செய்தால் தகடுகள் உதிரத் தொடங்கும். மெதுவாக, நீண்ட நேரம் மின்சாரம் கொடுப்பதற்கென்றே தடித்த தகடுகளோடு வருவது ‘டீப் சைக்கிள்’ பேட்டரி.

ஆகவே இரண்டு பேட்டரி வைப்பதே நல்லது: இன்ஜினுக்கு ஒன்று, விளக்கு, கருவிகளுக்கு இன்னொன்று, நடுவில் ஒரு சுவிட்ச். இடமில்லை என்றால் இரண்டு வேலைக்கும் பொருந்தும் மரைன் பேட்டரி ஒன்றை வாங்கலாம். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய இன்ஜினுக்கு ஸ்டார்ட்டிங் பேட்டரியே தேவையில்லை. சாவி உள்ள சிறிய இன்ஜின்கள் பலவற்றிலும் அவசரத்திற்கு ஒரு கயிறு இருக்கும். அதைக் கரையிலேயே ஒருமுறை இழுத்துப் பழகிக்கொள்வது நல்லது.

எவ்வளவு பெரிய பேட்டரி? கணக்கு எளிது. விளக்கு 1 ஆம்பியர், மீன் காட்டும் கருவி 1 ஆம்பியர் என்றால் 8 மணி நேரத்திற்கு 16 ஆம்பியர்-மணி. தண்ணீர் இறைக்கும் பம்பு 3 ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓடினால் இன்னும் 3. மொத்தம் 19. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். ஆகவே 40 ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் வேண்டும். 60 இருந்தால் மனம் நிம்மதி. மின்மோட்டாரில் படகு ஓட்டுவோரின் கணக்கு வேறு. முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், 100 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதியை ஒரு மணி நேரத்திற்குள் தின்றுவிடும்.

கடைக்காரர் காட்டும் ‘சிசிஏ’ எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மைனஸ் 18 டிகிரி குளிரில் பேட்டரி கொடுக்கும் ஆற்றல். ‘எம்சிஏ’ என்பது 0 டிகிரியில் அளப்பது, அதனால் அதே பேட்டரிக்குக் கூடுதலாகத் தெரியும். இன்ஜின் கையேடு கேட்கும் அளவு இருந்தால் போதும். நம் ஊரில் பனி கொட்டப் போவதில்லை.

இங்கே பகை வெயில்தான். சூடு ஏறஏற ஈய பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். கடையில் மாதக்கணக்கில் கிடந்ததும் சார்ஜ் இழந்திருக்கும். தயாரித்த தேதியைக் கேளுங்கள். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடையில் ஈயத்தின் பாதிகூட இல்லை. பெரும்பகுதியைக் காலி செய்தாலும் தாங்கும். மின்மோட்டாருக்கு அருமை. ஆனால் விலை அதிகம், அதற்கேற்ற சார்ஜரும் வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் செய்ய, தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எதுவானாலும் பெட்டிக்குள் வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டி, பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஈய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஆகவே காற்றோட்டம் வேண்டும். பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. கடல்நீர் உள்ளே புகுந்தால் நச்சுக் குளோரின் வாயுவும் உண்டாகலாம்.

பழைய பேட்டரியை ஆற்றோரம் வீசிவிட்டு வராதீர்கள். 2005 விதிமுறைகளின்படி ஈய பேட்டரி கழிவு, எஸ்டபிள்யூ 102 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துப் பாருங்கள், பழசுக்குக் கொஞ்சம் விலையும் குறைப்பார்கள்.