தே வந்த திசை – 11: தேத்தண்ணிப் பல்கலைக்கழகம்

போன வாரம் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டோடு நிறுத்தினேன். சீனமும் தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில். தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு. அது நினைவிருந்தால் போதும், மேலே போகலாம்.

இந்த வாரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் டோக்கியோவின் ககுஷுயின் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நடந்த தமிழ்–ஜப்பானிய ஆய்வைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பேராசிரியர் சுசுமு ஓனோ, பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் மூவரைப் பற்றியும் எடுத்த குறிப்புகள் மேசையில் அடுக்கியபடி இருக்கின்றன. ககுஷுயின் நகரத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்ப்பதற்காக டோக்கியோவின் ரயில் வரைபடத்தை விரித்தேன். ககுஷுயின் இருக்கும் மெஜிரோவுக்குப் போகும் முன்பே விரல் வேறோர் ஊரில் நின்றுவிட்டது. இரண்டு நாளாக அங்கேயே நிற்கிறது. பத்திரிகைக்குக் கட்டுரை போக வேண்டிய நாள் நாளை. ஆகவே அந்த ஊரைப் பற்றித்தான் இன்று எழுத முடியும்.

ஊரின் பெயர் ஒச்சாநொமிசு.

பிரித்துப் பாருங்கள். ‘ஒ’ மரியாதைக்கு முன்னால் சேர்க்கும் ஒலி. ‘சா’ தேயிலை. ‘நொ’ நம்முடைய ‘இன்’ நிற்கிற அதே இடத்தில் நிற்கும் உருபு. ‘மிசு’ தண்ணீர். தேயின் தண்ணீர். பதுளை பஸ் ஸ்டாண்டிலிருந்து நமுனுகுலை உச்சி லயம்வரை ஒவ்வொரு விடியலிலும் நாம் சொல்கிற சொல். தேத்தண்ணி!

ஊர்ப் பெயருக்குக் கதையும் இருக்கிறது. எதோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். அந்தக் காலத்தில் கண்டா ஆற்றை ஒட்டிய ஒரு கோயில் வளவில் ஊற்று ஒன்று இருந்தது. நல்ல தண்ணீர். இரண்டாம் ஷோகன் ஹிதெதாதாவுக்குத் தேயிலை போட அந்த ஊற்றிலிருந்து தண்ணீர் போனது. அதிலிருந்து அந்த இடத்துக்கே தேத்தண்ணி என்று பெயர் நிலைத்துவிட்டது. தேயிலைக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீலித் தண்ணியில் போட்ட தேத்தண்ணிக்கும் டவுன் குழாய்த் தண்ணியில் போட்டதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள்.

நாலாம் வாரக் கட்டுரை வந்தபோது லுணுகலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ‘தேத்தண்ணி’ என்று எழுதுவது கொச்சையாக இருக்கிறது, ‘தேநீர்’ என்று எழுதினால் என்ன என்று கேட்டிருந்தார். அம்மா, உங்களுக்கு அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். இப்போது நல்ல பதில் கிடைத்திருக்கிறது. ஜப்பானின் தலைநகரில் அந்தச் சொல் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்.

ஆம், ஒச்சாநொமிசு பல்கலைக்கழகம். 1875இல் டோக்கியோ பெண்கள் ஆசிரிய கலாசாலையாக அந்த ஊரில் தொடங்கியது. ஜப்பானில் பெண்களின் உயர்கல்விக்கு அதுதான் தொடக்கம். 1923இல் வந்த பெரும் பூகம்பம் கட்டடங்களை அழித்தது. பிறகு கலாசாலை ஒத்சுக்கா என்ற வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்தது. 1949இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது ஒத்சுக்காவின் பெயரை வைக்கவில்லை. விட்டுவந்த பழைய ஊரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். இன்றும் அது பெண்களுக்கான தேசியப் பல்கலைக்கழகம்.

பெயர்ப் பொருத்தம் மட்டும் என்றால் அரைப் பத்தியில் முடித்திருப்பேன். அந்தக் கலாசாலையில் படித்துப் பின்னாளில் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகவும் ஆன ஒரு பெண்தான் என்னைப் பிடித்து நிறுத்தினார். பெயர் மிச்சியோ சுஜிமுரா. 1888இல் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில காலம் பள்ளிக்கூடத்தில் கற்பித்தார். ஆய்வு செய்ய வேண்டும் என்ற ஆசையில் 1920இல் வடக்கே ஹொக்கைதோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அன்று அங்கே பெண்களை மாணவர்களாகச் சேர்ப்பதில்லை. அதனால் ஆய்வுகூடத்தில் சம்பளம் இல்லாத உதவியாளராக நின்று பட்டுப்புழுவின் உணவை ஆராய்ந்தார். பிறகு டோக்கியோ வந்தார். வேலை செய்த ஆய்வுகூடம் 1923 பூகம்பத்தில் அழிந்தது. அங்கிருந்து ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் உமெதாரோ சுசுக்கியிடம் சேர்ந்து பச்சைத் தேயிலையைக் கையில் எடுத்தார்.

1924இல் சுஜிமுராவும் உடன் ஆய்வாளர் மியுராவும் பச்சைத் தேயிலையில் வைட்டமின் சி இருப்பதைக் கண்டார்கள். அதே 1924இல்தான் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது. தெமோதரை வளையத்தைச் சுற்றி இறங்கிய முதல் வண்டிகளில் எங்கள் மலைத் தேயிலைப் பெட்டிகள் ஏறிய காலத்தில், கடல் தாண்டி ஒரு பெண் அதே இலையைக் கண்ணாடிக் குடுவையில் காய்ச்சிக்கொண்டிருந்தார். 1929இல் அந்த இலையிலிருந்து கேட்டெகின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1932இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் பச்சைத் தேயிலையின் வேதியியலுக்காக அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. ஜப்பானில் விவசாயத் துறையில் முனைவரான முதல் பெண் அவர்.

கேட்டெகின் என்றதும் அது எங்கோ ஆய்வுகூடத்து விஷயம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இளங்கொழுந்தின் உலர்ந்த எடையில் கால் பங்கு வரை அந்தக் குடும்பத்துப் பொருள்கள்தான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கங்காணி கத்துவதற்கு அடியில் இருக்கிற காரணம் இது. முற்றிய இலையில் அது குறைந்துவிடும். ஃபெக்டரியில் வாட்டிய கொழுந்து ரோலரில் விழுந்து கசங்கும்போது இலையின் உள்ளறைகள் உடைகின்றன. கேட்டெகின் காற்றோடு கலக்கிறது. பச்சை, செம்பு நிறத்துக்கு மாறுகிறது. கோப்பையில் நாம் பார்க்கிற சாயமும் நாக்கைச் சுண்டுகிற கடுப்பும் அப்படி உண்டாகின்றன. ஜப்பானியர் பறித்த கையோடு ஆவியில் வேகவைத்து அந்த மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் அவர்களுடையது பச்சைத் தேயிலையாகவே இருக்கிறது. ஒரே செடிதான். இவ்வளவும் அந்த ஒரு பொருளைச் சூடு முந்துகிறதா காற்று முந்துகிறதா என்பதில் இருக்கிறது.

இனி இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி. கேட்டெகின் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கேட்டச்சு என்ற பொருளிலிருந்து. கேட்டச்சு என்றால் கருங்காலி மரத்தைக் காய்ச்சி எடுக்கிற துவர்ப்புக் கட்டி. தமிழில் காசுக்கட்டி. வெற்றிலையோடு சேர்த்து மெல்வதற்கு! ஐரோப்பியர் வாயில் கேட்டச்சு ஆன அந்தச் சொல், தமிழின் காசு, கன்னடத்தின் காச்சு, மலாயின் கச்சு ஆகியவற்றோடு உறவுடையது. நம் பெண்கள் கொழுந்துக் கூடையோடு மடியில் செருகிப்போகும் வெற்றிலைப் பொட்டலத்துக்குரிய சொல் ஒன்று, விஞ்ஞானப் பெயராகி, அவர்கள் விரலால் கிள்ளும் அதே கொழுந்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதை வாசித்த இரவு எழுந்து முற்றத்தில் நடந்தேன்.

மறுநாள் ஹாலிஎல சந்தியில் தெரிந்த ஓர் அக்காவைச் சந்தித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அவரிடம் சுஜிமுராவின் கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“அந்தம்மாவுக்குச் சம்பளமே குடுக்கலையா தம்பி?”

“மொத தடவ போன எடத்துல இல்லக்கா. சும்மாதான் வேல செஞ்சிருக்காங்க.”

“பேரு போட்டாங்களா?”

“போட்டாங்க. டாக்டர் பட்டமும் குடுத்தாங்க.”

“ம்... பேராச்சும் போட்டாங்களே” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கலாசாலை பல்கலைக்கழகமாகி, சுஜிமுரா அதில் பேராசிரியரான 1949ஐ இங்கே திருப்பிப் பார்க்கிறேன். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. கொழுந்து எடுத்த நம் பாட்டிமார் வாக்குரிமையை இழந்தார்கள். ஓர் இலையைப் படித்த பெண்ணுக்குப் பேராசிரியர் நாற்காலியும், அதே இலையைப் பறித்த பெண்ணுக்குப் பெயரில்லாத வாக்காளர் இடாப்பும் ஒரே வருஷத்தில் வந்தன. இந்த இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில் அச்சிட்ட பாடநூல் எதையும் நான் படித்ததில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் சேர்த்து வைக்கிறேன்.

ஜப்பானியருக்கு ஊவா புதிய பெயரும் இல்லை. உலகின் மூன்று பெரும் கறுப்புத் தேயிலை என்று அவர்கள் எண்ணும்போது டார்ஜிலிங், சீனத்துக் கீமுன், ஊவா என்றுதான் எண்ணுகிறார்கள். அங்கே கடைப் பெட்டிகளில் ‘உபா’ என்று இரண்டே எழுத்தில் நம் மாகாணம் நிற்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டி வரும் கச்சான் காற்று நம் பக்கத்துச் செடியை வாட்டுகிறதே, அப்போது வரும் மணத்துக்குத்தான் அந்தப் பெயர். அந்த மணத்தில் மெதில் சாலிசிலேட் என்றொரு பொருளுக்குப் பெரும் பங்கு. மூட்டு வலித் தைலத்தில் இருப்பதும் அதுவே. கொழுந்து மடுவத்திலிருந்து திரும்பி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த எங்கள் அம்மாவின் மணமும், கச்சான் மாதத்து ஃபெக்டரி வாசலின் மணமும் எனக்கு எப்போதும் ஒன்றாகவே நினைவில் வந்தன. அது என் பிரமை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். தேயிலை மணத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்த தேய் யமானிஷி என்ற பேராசிரியரும் ஒச்சாநொமிசுவில் இருந்தவர்தான். அவரைப் பற்றி ஒரு முழு வாரம் எழுத வேண்டும்.

பதுளையில் ஒரு கிழக்காசிய ஆய்வு மையம் வேண்டும் என்று இந்தத் தொடரின் முதல் வாரத்திலிருந்து சொல்லி வருகிறேன். களனிப் பல்கலைக்கழகத்தில் கன்பூசியஸ் நிறுவகம் இருக்கிறது. சீனமும் ஜப்பானியமும் அங்கே படிக்கலாம். நமக்கு இங்கே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு நடக்கிறது. அந்த வளவிலிருந்து பசறை வீதியில் கொஞ்ச தூரம் போனால் தேயிலை மலை. நம் பிள்ளைகள் இன்று கொரிய மொழி படிப்பது கொரியாவில் வேலைக்குப் போக. அதில் குறை இல்லை, போகட்டும், உழைக்கட்டும். சுஜிமுராவின் ஆய்வேட்டை ஜப்பானியத்தில் நேரே வாசித்துத் தமிழில் தரக்கூடிய ஒரு பிள்ளை லயத்திலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை. தொடக்கத்துக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. 1937இல் சாந்திநிகேதனில் சீன பவனம் திறந்தபோது, தான் யுன்-ஷான் சீனாவில் திரட்டிய நூல்கள்தான் அதன் முதல் பலம். இங்கேயும் ஓர் அறை, ஓர் அலமாரி, இரண்டு மொழி தெரிந்த ஓர் ஆசிரியர் போதும். முதல் தட்டில் தேயிலையைப் பற்றிச் சீனரும் ஜப்பானியரும் எழுதியவை. இரண்டாம் தட்டில் கொழுந்து எடுத்தவர்கள் வாயிலிருந்து எழுதிக்கொண்டவை.

ககுஷுயின் அடுத்த வாரம் கட்டாயம். ‘ஒச்சாநொமிசு’வின் நடுவே நிற்கும் அந்த ‘நொ’வைப் பார்த்ததும், ஜப்பானியம் தமிழோடு உறவுடையது என்ற ஓனோவின் வாதத்துக்கு இது சாட்சி என்று உடனே எழுதத் தோன்றியது, கையை அடக்கிக்கொண்டேன். சிங்களமும் கொரியமும் துருக்கியும்கூட அந்த உருபைச் சொல்லுக்குப் பின்னால்தான் வைக்கின்றன. மொழியியலாளர் பெரும்பாலோர் ஓனோவை ஏன் ஏற்கவில்லை, ஏற்காத பின்னும் சண்முகதாஸ் தம்பதியரின் உழைப்பில் நமக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குள், தேத்தண்ணியின் சாயத்துக்கும் கடுப்புக்கும் உங்கள் தோட்டத்தில் வழங்கும் சொற்கள் எவை என்று ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். தோட்டத்தின் பெயரையும், சொல்லைத் தந்தவரின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். பெயரோடு போடுவேன்.