நூலை மூடிக் கற்றல்

கற்றல் வேறு, கற்றதை நினைவில் நிறுத்துதல் வேறு. இரவு பகலாகப் பாடம் படித்த மாணவன், தேர்வு நாளில் வினாத்தாளைக் கண்டதும் ஒன்றும் தோன்றாது திகைப்பதுண்டு. படியாதவன் திகைத்தால் அதில் வியப்பில்லை. உழைத்துப் படித்தவனோ, தனக்கு நினைவாற்றலே இல்லை என்று எண்ணி மனம் சோர்கின்றான். ஆனால் குறை பெரும்பாலும் அவனது அறிவில் இல்லை. அவன் கையாண்ட முறையிலேயே இருக்கின்றது.

மறதி எத்துணை விரைவாக வரும் என்பதை முதன்முதலில் அளந்து கண்டவர், ஜெர்மனி நாட்டு உளநூல் அறிஞராகிய ஹெர்மன் எபிங்ஹாஸ் ஆவார். அவர் பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 அமைத்துக்கொண்டு, அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். சிறிது காலம் கழித்து அவற்றை மீண்டும் கற்று, முதன்முறையைவிட எவ்வளவு நேரம் குறைகின்றது என்று கணக்கிட்டார். முன்பு கற்றதன் பயன் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் மறைந்தது. ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. அதன்பின் மறதியின் வேகம் தணிந்தது. ஒரு மாதத்திற்குப் பின்னும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சி நின்றது. தம்மையே ஆராய்ச்சிப் பொருளாக்கி அவர் கண்ட இவ்வுண்மைகள் 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

இம்மறதியைத் தடுக்கும் வழி யாது? மீண்டும் மீண்டும் படித்தலே வழி என்பர் பலர். அஃது எவ்வளவு உண்மை என்பதை அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்ப்பிக்கி என்னும் இருவர் ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஞாயிறு, கடல் நீர்நாய் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிய சிறு கட்டுரை ஒவ்வொரு கல்லூரி மாணவருக்கும் அளிக்கப்பட்டது. மாணவர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற் குழுவினர் நான்கு வேளைகளிலும் கட்டுரையையே படித்தனர். சராசரியாக ஒவ்வொருவரும் அதனை 14 தடவை படித்தார். மூன்றாம் குழுவினர் முதல் வேளையில் மட்டும் படித்தனர். பின்னர் மூன்று வேளைகளில் கட்டுரையைப் பாராது, நினைவில் உள்ளவற்றை எழுதினர். அவர்கள் படித்தது சராசரியாக மூன்று தடவைக்குச் சற்று மிகுதியே.

ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில், படித்துக்கொண்டே இருந்தவர்கள் நூற்றுக்கு 83 பங்கு கூறினர். எழுதிப் பார்த்தவர்கள் 71 பங்கே கூறினர். ஆனால் ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாயிற்று. முன்னவர் நினைவில் 40 பங்கே எஞ்சியது. பின்னவர் நினைவிலோ 61 பங்கு நிலைத்திருந்தது. மற்றொன்றும் கருதத்தக்கது. ஒரு வாரத்திற்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்னரே கேட்டபோது, மிகுந்த நம்பிக்கையுடன் விடை அளித்தவர்கள் முதற் குழுவினரே ஆவர்.

இந்நம்பிக்கை பொய்த்தது ஏன்? பன்முறை படித்த பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகின்றது. பழகியதை எல்லாம் அறிந்ததாக மனம் எண்ணிக்கொள்கின்றது. தெருவில் எதிர்ப்படுபவர் தெரிந்தவர் என்று முகம் பார்த்ததும் தோன்றும். அவர் பெயரோ நாவில் எழுவதில்லை. கண்டு அறிதலும் தானே நினைந்து கூறுதலும் வெவ்வேறு என்பது இதனால் விளங்கும். தேர்விலும் வாழ்விலும் வேண்டப்படுவது பெரும்பாலும் பின்னதே. புல்வெளியில் மக்கள் நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை தெளிவாகும். நடவாத பாதையைப் புல் மூடிவிடும். அதுபோல, முயன்று நினைவிற்குக் கொணரும் ஒவ்வொரு முறையும் அச்செய்தியை அடையும் வழி உறுதிப்படுகின்றது.

இம்முறை சிறுவர்க்கும் பயன்படும் என்பது முன்னரே அறியப்பட்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்பு மாணவர் 3,605 பேரைக் கொண்டு ஹெர்பர்ட் ஸ்பிட்சர் என்பவர் நிகழ்த்திய ஆராய்ச்சி 1939-ஆம் ஆண்டில் வெளிவந்தது. படித்த உடனே தேர்வு எழுதியவர்கள், பல நாள் கழித்தும் பிறரினும் மிகுதியாக நினைவு கொண்டிருந்தனர். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் மாணாக்கர் ஏடு பாராமல் பாடத்தைச் சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்து வந்தனர். எனினும், பொருள் உணராது சொற்களை மட்டும் ஒப்பித்தல் போதாது. கருத்தைத் தன் சொற்களால் கூறப் பழகுதல் வேண்டும்.

மழை பெய்யும் முறையைப் பற்றிய பாடத்தை ஒரு மாணவி படிப்பதாகக் கொள்வோம். முதலில் அவள் பொருள் விளங்கப் படித்தல் வேண்டும். பின்னர் நூலை மூடி, கடல்நீர் ஞாயிற்றின் வெப்பத்தால் ஆவியாவது முதல் துளியாகி விழுவது வரை வரிசையாக எழுதிப் பார்த்தல் வேண்டும். ஆவி மேலே சென்று குளிரும் நிலையை அவள் விட்டுவிட்டால், அவள் மீண்டும் படிக்கவேண்டிய இடம் அதுவே என்பது தெளிவாகும். நூலைத் திறந்து பிழையைத் திருத்திக்கொள்ளுதல் இன்றியமையாதது. திருத்தப்படாத பிழையும் மனத்தில் வேரூன்றக் கூடும். மறுநாளும், சில நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் இவ்வாறே சோதித்துக்கொண்டால் பாடம் நெடுநாள் நிலைக்கும்.

தொடக்கத்தில் இம்முறை கடினமாகத் தோன்றும். விடை வாராமல் தடுமாறும்போது, நூலைத் திறந்து பார்க்க மனம் விரையும். அப்பொழுது சற்றே பொறுத்து முயலுதல் வேண்டும். அம்முயற்சியே நினைவை வலுப்படுத்துகின்றது. தேர்வு என்பது மதிப்பெண் இடுவதற்காகப் பிறர் நடத்துவது மட்டுமன்று. கற்பவர் தமக்குத் தாமே நாள்தோறும் நடத்திக்கொள்ளத்தக்க நல்ல பயிற்சியும் ஆகும். அதில் நேரும் தவறு எவருக்கும் இழுக்கன்று. அடுத்துக் கற்கவேண்டியது யாது என்பதை அது காட்டிவிடுகின்றது.